ஊரில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்: யாழ்ப்பாணக் கிராமங்களில் சுகாதார வேலைக்கு இறங்கும் புதியவர்களுக்கு

ஊரில் சுகாதார வேலை செய்யப் புதிதாக வருபவர் கையில் பெரும்பாலும் ஒரு குறைப்பட்டியல் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, டெங்கு, சீனி வருத்தம், குடி, கான் துப்புரவில்லை. பட்டியல் பொய்யல்ல. ஆனால் அதை வாசித்து முடித்ததும் எல்லோரும் பிரதேச சபையின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், கூட்டம் கலைந்துவிடும். திங்கட்கிழமை காலையில் யார் எதைச் செய்வது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ஊரில் யாருக்கு என்ன தெரியும், எந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறது, எந்த வழக்கம் உடம்புக்கு நல்லது என்ற இன்னொரு பட்டியல்தான் அதைச் சொல்லும். சனசமூக நிலையப் பிள்ளைகள், மாதர் சங்கத்துக்குப் புதிதாகத் தெரிவான செயலாளர், களப்பயிற்சிக்கு வரும் மாணவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது.

சுகநல மேம்பாடு பற்றிய 1986ஆம் ஆண்டு ஒட்டாவா சாசனம் சமூகச் செயற்பாட்டை வலுப்படுத்துவதை ஐந்து வழிகளில் ஒன்றாக வைத்தது. ஊரின் குறையை விட்டு ஊரின் வளத்தைக் கணக்கெடுக்கும் முறையை 1993இல் அமெரிக்காவில் கிரெட்ஸ்மன், மக்னைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். கோவில் கேணி தூர்வாரிய, வாசிகசாலைக்குக் கல் சுமந்த ஊர்களுக்கு இதில் புதிது அதிகமில்லை. எழுதி வைப்பதும் எண்ணிப் பார்ப்பதும்தான் புதிது. வேலை குழம்புவதும் அந்த இரண்டில்தான்.

முதலில் பரப்பைச் சுருக்குங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. புதியவருக்கு ஒரு பிரிவே பெரிது. இரண்டு மூன்று ஒழுங்கைகள், 40 முதல் 60 வீடு போதும். ஒரு வீட்டில் பத்து நிமிடம் நின்றால்கூட 50 வீட்டுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேர் கொண்ட மூன்று சோடி போனால் ஒரு ஞாயிறு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

வீடு ஏறுவதற்கு முன் இரண்டு பேரைப் பாருங்கள்: உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு ஏறத்தாழ 3000 பேர் என்பது கணக்கு. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நிறை குறைந்த பிள்ளை என்பது அவருக்கு ஏற்கனவே தெரியும். அந்தத் தகவலை உங்களுக்குத் தர அவருக்கு அனுமதி இல்லை, கேட்கவும் வேண்டாம். நீங்கள் எந்த ஒழுங்கையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, "எந்த வேலையில நாங்கள் கை குடுத்தால் உங்களுக்கு லேசு?" என்று கேளுங்கள். இந்தச் சந்திப்பைத் தவறவிட்டால், நீங்கள் ஒன்று சொல்ல கிளினிக்கில் வேறொன்று சொல்வார்கள். சனம் கிளினிக்கைத்தான் நம்பும், நம்பவும் வேண்டும்.

படலை தட்டுதல்

சோடியில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவராவது அந்த ஒழுங்கைக்காரராக இருக்க வேண்டும். நேரம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நல்லது. தோட்டக்காரர் காலையில் தண்ணீர் இறைப்பார்கள், கடற்றொழிலாளர் இரவு தொழிலுக்குப் போனால் பகலில் நித்திரை. கையில் அச்சடித்த படிவம் வேண்டாம். படிவத்தைக் கண்டால் நிவாரணப் பதிவு என்று நினைத்து, இருப்பதை மறைத்து இல்லாததைச் சொல்லத் தொடங்குவார்கள். போர்க்காலம் முழுக்கப் பதிவுக்கு மேல் பதிவு கண்ட சனம் இது. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். கேட்க வேண்டியவை இவை:

- "இந்த ஒழுங்கையில ஆருக்காவது சுகமில்லையெண்டால் முதல்ல ஆரிட்டப் போவியள்?"
- "ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமெண்டால் ஆற்ற வாகனம்?"
- "உங்களுக்கு நல்லாச் செய்ய வாற வேலை என்ன? அதை ரெண்டு பேருக்குப் பழக்கிக் குடுப்பியளோ?"
- "எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுறியள்? கடைசிக் கூட்டம் எப்ப?"

முதல் கேள்விக்கு வரும் விடையில்தான் சரக்கு இருக்கிறது. 50 வீட்டில் கேட்டால் மூன்று நாலு பெயர் திரும்பத் திரும்ப வரும். ஓய்வுபெற்ற தாதி, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியக்கறி வைத்துக் கொடுக்கும் ஆச்சி, எந்த நேரமும் ஓட்டோ எடுத்து வரும் அண்ணை, மருந்துச் சிட்டை வாசித்துச் சொல்லும் கடைக்காரர். இவர்களில் பலர் எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்க மாட்டார்கள். சங்கத் தலைவரைவிட இவர்களுடைய சொல்லுக்கு ஒழுங்கையில் மதிப்பு அதிகம்.

சங்கங்களை எழுதும்போது பெயரை மட்டும் எழுதாதீர்கள். சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம், கோவில் பரிபாலன சபை, முன்பள்ளிப் பெற்றோர் குழு, பெண்கள் பிடிக்கும் சீட்டு: ஒவ்வொன்றுக்கும் கடைசியாகக் கூடிய திகதி, கையில் இருக்கும் பொருள் (கதிரை, ஒலிபெருக்கி, கிடாரம், நீர்ப்பம்பி), திறப்பு யாரிடம் என்ற மூன்றையும் குறியுங்கள். பலகை மட்டும் தொங்கும் சங்கங்கள் இப்படித்தான் தெரியவரும். பெரும்பாலும் மரண உதவிச் சங்கமும் சீட்டும்தான் தவறாமல் நடப்பவை. இரண்டிலும் பணம் கட்டும் ஒழுங்கும் ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் ஏற்கனவே உண்டு.

கொப்பியில் எழுதக்கூடாதவை: யாருக்கு என்ன நோய், யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை. சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதாதீர்கள். கொப்பி ஒருநாள் தேத்தண்ணிக்கடை மேசையில் மறந்துபோய்க் கிடந்தால் ஊரில் யாரும் பிறகு படலை திறக்க மாட்டார்கள்.

எங்கே கூடுவது

இது எங்கள் ஊர்களில் எழுதத் தயங்கும் விடயம். வாசிகசாலை பொதுவானது என்று சொன்னாலும், கோவில் மண்டபம் எல்லோருக்கும் திறந்தது என்று சொன்னாலும், சாதி பார்த்து வராமல் விடும் வீடுகள் உண்டு, அழைக்காமல் விடப்படும் வீடுகளும் உண்டு. டெங்கு நுளம்புக்கு அந்த வேலி தெரியாது. பாதி ஒழுங்கை கூட்டத்துக்கு வராவிட்டால் வேலை பாதியாகாது, முழுதாகவே வீணாகும். முன்பள்ளி முற்றம், தாய் சேய் கிளினிக் நடக்கும் கட்டடம், சந்தி மரத்தடி போன்ற இடங்கள் பெரும்பாலும் சரிவரும். கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணும்போது, வராதவர்கள் எந்த முடக்கில் இருந்து வரவில்லை என்றும் பாருங்கள். ஒரே பக்கமென்றால் அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தில்.

கூட்டம் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பேச்சாளர் வேண்டாம். நிலத்தில் சுண்ணாம்பால் ஒழுங்கையை வரைந்து, கிணறு, தேங்கும் தண்ணீர், ஓட்டோ, தாதி, பழக்கிக் கொடுக்கக்கூடியவர் என்று சிரட்டை, கல், இலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத வாசிக்கத் தயங்குபவர்களும் அப்போது கதைப்பார்கள். கலைவதற்கு முன் அதைப் படம் பிடித்து ஒரு மட்டையில் வரைந்து வையுங்கள்.

பிறகு முதல் வேலையைத் தெரிவு செய்யுங்கள். அது வெளிப்பணம் இல்லாமல் செய்யக்கூடியதாக, எட்டுக் கிழமைக்குள் பலன் தெரிவதாக, எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். குடியை ஒழிப்பது, சீனி வருத்தத்தைக் குறைப்பது எல்லாம் முதல் வேலைக்கு ஆகாது. புரட்டாதியில் தொடங்கினால் நுளம்புதான் சரியான வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கைக்கு வரும், மார்கழி, தையில் டெங்கு ஏறும்போது பலன் தெரியும்.

நுளம்பும் கிணறும்

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருதரம், தவறாமல், ஒரே நாளில் வளவு பார்த்தால் சுழற்சி அறும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் என்றால் அறாது. கிழமை பிசகாமல் ஒரு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு வளவு கூட்டிக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒரு "டெங்கு நாள்" அறிவித்தால் மூன்றாம் கிழமையே மறந்துபோகும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவதில். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கோடையில் வெறுமையாகக் கிடந்த சீமெந்துத் தொட்டி முதல் மழைக்கே நுளம்பு விடுவது இதனால்தான். தேங்காய்ப் பொச்சால் உட்சுவரைச் சுற்றிவர அழுத்தித் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், கானில் ஊற்றாதீர்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடியின் கீழ்த்தட்டு, கூரைப் பீலி, ரயர், யோகட் கோப்பை, சிரட்டை, கோம்பை, நாய்க்கும் கோழிக்கும் வைத்த தண்ணீர், பாவிக்காத மலசலகூடத்தின் தண்ணீர்ப் பெட்டி. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளைத் தனியாக எழுதுங்கள், திறப்பு வைத்திருக்கும் உறவினர் பெயரோடு. ஒழுங்கையில் மிச்சமிருக்கும் நுளம்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கரையோர ஊர்களில் "இது உவர்த்தண்ணி, நுளம்பு பெருகாது" என்பார்கள். டெங்கு நுளம்பின் குடம்பி (முட்டையிலிருந்து வரும் புழு) உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பகுதி ஆய்வு 2011இலேயே காட்டிவிட்டது. வள்ளத்தின் அடியில் தேங்கியதையும் பாருங்கள்.

எண்ணும் முறை லேசானது. பார்த்த வீடு 40, குடம்பி கண்ட வீடு 6 என்றால் 15 வீதம். இந்த எண்ணை மட்டும் வாசிகசாலைப் பலகையில் எழுதுங்கள், வீட்டுப் பெயரை எழுதாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு டோர்ச்சும் வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பையும் கொடுத்தால் பெரியவர்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். குடம்பி வெள்ளையில் தெளிவாகத் தெரியும்.

கிணறு வேறு சங்கதி. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அடுத்த ஆண்டே, கிணற்றில் வளரக்கூடிய புதிய மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். பாவிக்காத கிணற்றை நுண்கண் வலையால் இறுக்கி மூடலாம், அல்லது பரிசோதகர் மூலம் குடம்பி தின்னும் கப்பி மீன் விடலாம்.

இங்கேதான் நல்ல மனதோடு செய்யும் பெரிய பிழை நடக்கும்: ஒரு குழு மீன் விட்ட கிணற்றில் இன்னொரு குழு குளோரின் போடும், மீன் செத்து மிதக்கும். ஒழுங்கை வரைபடத்தில் மீன் உள்ள கிணற்றுக்கு ஒரு அடையாளம், குடிக்கும் கிணற்றுக்கு வேறொரு அடையாளம் இடுங்கள்.

குடிக்கும் கிணற்றுக்குக் குளோரின் போடுவதென்றால் முதலில் தண்ணீரின் அளவு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லீற்றர் (அளவுகள் மீற்றரில்). 2.5 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 9800 லீற்றர். நல்ல நிலையில் உள்ள வெளிற்றும் தூள் 1000 லீற்றருக்கு 2.5 கிராம், ஆகவே இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். பொதியில் குளோரின் 65, 70 வீதம் என்றிருந்தால் ஏறத்தாழ பாதி. திறந்து வைத்த பழைய தூளில் வீரியம் போயிருக்கும். வாளியில் கரைத்து, பத்து நிமிடம் அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, அந்த வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். இரவு போட்டால் காலையில் பாவிக்கலாம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது, அதற்குப் பரிசோதகரின் அறிவுறுத்தல் வேண்டும்.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலக்குழிக் கழிவும் கீழே இறங்கிச் சேரும் நைத்திரேற்றை அது தொடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நீர் வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இது முக்கியம்: நைத்திரேற்று கூடிய தண்ணீர் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைத் தடுக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தச் சிக்கல் வராது. பாலூட்டிப் பழகிய தாய்மார் ஒழுங்கையில் யார் யார் என்று உங்கள் பட்டியல் சொல்லும், இளம் தாயோடு அவர்களைச் சேர்த்துவிடுங்கள். பரிசோதனை அறிக்கை வந்தால் அலகைப் பாருங்கள். நைத்திரேற்றாக எழுதியிருந்தால் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாக எழுதியிருந்தால் அதே எல்லை ஏறத்தாழ 11. "30 தானே, 50க்குக் குறைவு" என்று நைதரசன் கணக்கை வாசித்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

காய்ச்சல் வந்தவருக்கு ஒழுங்கை முழுக்க ஒரே பேச்சாக இருக்கட்டும்: பரசிற்றமோல் மட்டும், அளவோடு. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட உடனேயே தலைசுற்று, வயிற்று நோ, ஓயாத சத்தி வந்தால் அதுதான் ஆபத்தான நேரம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

பிறஷரும் உப்புப் பக்கற்றும்

முதல் வேலை கைகூடிய பிறகு இதற்கு வாருங்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்று, மாதத்தில் ஒரு காலை. பிறஷர் பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சுருட்டு இல்லை. அளக்கும்போது கதைக்கக் கூடாது, எங்கள் சனத்துக்கு இதுதான் கடினம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் எடுங்கள். கோவில் வீதியில் வெயிலில் வரிசையில் நின்றவரைப் பிடித்து இருத்தி அளந்தால் இல்லாத பிறஷரும் வரும். 140/90 அல்லது மேல் என்றால் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். 180/110ஐத் தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி. குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ நீங்கள் சொல்லக் கூடாது. 35 வயது கடந்தவர்களுக்கு அரசாங்கத்தின் இலவசத் தொற்றா நோய்ப் பரிசோதனை நிலையங்கள் உள்ளன, எந்த நாள் என்று சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் கேட்டுப் பலகையில் எழுதுங்கள்.

உப்புக்கு விரிவுரை வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் வீட்டுக்கு 20 கிராம், ஆகவே ஒரு கிலோப் பக்கற் 50 நாளாவது நிற்க வேண்டும். உடைத்த திகதியைப் பக்கற்றிலேயே பேனையால் எழுதச் சொல்லுங்கள். 25 நாளில் முடிந்தால் அந்த வீட்டு அம்மாவே கணக்குப் போட்டுக்கொள்வார். கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் இதற்கு வெளியே என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இலைக்கஞ்சி, குரக்கன் புட்டு, ஒடியற்கூழ், வல்லாரைச் சம்பல், சைக்கிள் மிதித்தல்: எல்லாம் இங்கே இருக்கிற வளம், புகழ்ந்தால் மட்டும் போதாது, பழக்கிக் கொடுப்பவரைப் பழக வேண்டியவரோடு சேர்க்க வேண்டும். கண்மூடிப் புகழவும் வேண்டாம். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிப்பது கோப்பையில் மூன்று கரண்டி சீனி போடுவதைவிடக் குறைவாக முடியலாம், ஆனால் சீனி வருத்தக்காரருக்குப் பனங்கட்டியும் சீனிதான். வெற்றிலைத் தட்டமும் எங்கள் மரபுதான். பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேர்த்தால் இன்னும் மோசம்.

மனச்சுமையோடு இருப்பவர்களிடம் புதியவர் ஆலோசகர் வேடம் போடக்கூடாது. காணாமல் போனவரைத் தேடும் தாய்க்கு, கடனில் இருக்கும் குடும்பத்துக்கு, யார் வழக்கமாகப் போய் இருந்து கதைக்கிறாரோ அவரைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம்.

காசும் கடிதமும்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் கேட்டால் தரும். முதல் எட்டுக் கிழமைக்குக் கேட்காதீர்கள். காசு முதலில் வந்தால் வேலை காசைச் சுற்றியே நடக்கும், கணக்குச் சண்டையும் வரும். பிறகு கேட்கும்போதும் இயந்திரம் கேட்பதைவிடப் பராமரிப்புக்குக் கேளுங்கள். நீர் சுத்திகரிப்புப் பொறி வாங்க ஒருநாள் போதும். வடிகட்டியும் மென்சவ்வும் மாற்ற ஆண்டுதோறும் யார் காசு கட்டுவது, கழிவாக வரும் உவர்நீரை எங்கே விடுவது என்று எழுதி ஒப்பந்தமாகாமல் பொறி இறக்க வேண்டாம்.

இன்னொன்று: ஊரின் பலம் என்று சொல்லி அரசாங்கத்தின் வேலையை ஊரின் தலையில் கட்ட வருபவர்கள் உண்டு. சிரட்டை கவிழ்ப்பது எங்கள் வேலை. குப்பை ஏற்றுவது, கான் வெட்டுவது பிரதேச சபையின் வேலை. தண்ணீர்ப் பரிசோதனை, மருந்து, வெற்றிடமாகக் கிடக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பதவி எல்லாம் அரசின் பொறுப்பு. அதைக் கேட்கக் கடிதம் எழுதும்போது குறையை மட்டும் எழுதாமல் எண்ணிக்கையை வையுங்கள்: எந்தத் திகதியில் எத்தனை வீடு பார்த்தோம், குடம்பி வீதம் எவ்வளவால் குறைந்தது, மிச்சமாகக் கிடப்பது எந்தக் கான், எத்தனை மீற்றர். ஒழுங்கை வரைபடத்தின் பிரதியை இணையுங்கள். ஒரு பிரதி எம்.ஓ.எச்.க்கு, ஒரு பிரதி கிராம அலுவலருக்கு, பதிவுத் தபாலில். சபையில் நேரே கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எட்டாம் கிழமை அதே வீடுகளை, அதே முறையில், சோடிகளை மாற்றி மீண்டும் எண்ணுங்கள். வீதம் குறையாவிட்டால் முதலில் பூட்டிய வீடுகளையும் அழைக்காமல் விட்ட முடக்கையும் பாருங்கள், பிறகு கிழமை தவறிய நாட்களை. அதிலும் விடை இல்லையென்றால் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் நடந்து வாருங்கள், உங்கள் கண்ணுக்குப் படாத ஒரு தொட்டி எங்கேயோ இருக்கிறது.